ஜீப்பின் பாடபேதங்கள்

பழைய வாகனங்களைத் தேடி வாங்கிச் செப்பனிடுவோரிடையே 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. வண்டியின் விலை, கண்காட்சியில் அதற்குக் கிடைக்கும் இடம், உரிமையாளரின் பெருமிதம் ஆகிய எல்லாமே அந்த ஒரு சொல்லைச் சுற்றியே அமைகின்றன. எந்த உறுப்பு ஆலையில் பிறந்தபோதே இருந்தது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்று பிரித்தறிவது ஒரு நுட்பமான கலை. அதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பிரித்தறிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு. பின்னால் வந்ததையெல்லாம் அழுக்கென்று கருதிக் கழற்றி எறிவது, குறிப்பாக நம் ஊரில் ஓடிய வண்டிகளைப் பொறுத்தவரை, வரலாற்றைக் கழற்றி எறிவதேயாகும் என்று கருதுகிறேன். இக்கட்டுரை அந்த வழக்கை எடுத்துரைக்கும் முயற்சி.

இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் இரும்புச் சாமான்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மூலம் எது, இடைச்செருகல் எது, பாடபேதம் எது என்ற கேள்வியோடு நூறாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருபவர்கள் நாம். அதே கேள்வி ஆவடியிலும் அம்பத்தூரிலும் எண்ணெய்க் கறை படிந்த கைகளில் எழுகிறது. அவர்களிடமிருந்து நாமும் நம்மிடமிருந்து அவர்களும் கற்றுக்கொள்ள இடமுண்டு.

அமெரிக்காவில் இக்கலை பெரும்பாலும் அறுபதுகளின் 'மசில் கார்'களை ஒட்டி வளர்ந்தது. 1965ஆம் ஆண்டு மஸ்டாங்கின் அடையாள எண்ணில் ஐந்தாவது இடத்தில் 'கே' என்னும் எழுத்து இருந்தால் அது 271 குதிரைத்திறன் கொண்ட என்ஜினோடு பிறந்த வண்டி. வேறெழுத்து இருந்தால் அந்த என்ஜின் பிற்சேர்க்கை. மாறாக, 1964ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. ஒரு தனி வகையாக அன்றி லெமான்ஸ் வண்டியின் விருப்பத் தொகுப்பாகவே விற்கப்பட்டது. ஆகவே அதன் அடையாள எண் எதையும் சொல்லாது. ஆலையின் பழைய ஆவணம் கிடைத்தால்தான் உண்மை தெரியும். என்ஜின் கட்டையில் எண் பொறித்த பரப்பில் ஆலையின் கடைசல் இயந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகள் இருக்கும். கோடுகள் இல்லாமல் எண் மட்டும் பளிச்சென்று இருந்தால் யாரோ தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள் என்று ஐயுற வேண்டும். உலோகமும் ஓர் ஏடுதான். அதிலும் சுரண்டி எழுதுவோர் உண்டு.

நம்மிடம் மஸ்டாங்குகள் அரிது. சென்னையின் மேற்குப் புறநகருக்கு மிக நெருக்கமான அயல்நாட்டுப் பழைய வண்டி ஜீப்புதான். இரண்டாம் உலகப் போரின்போது ஆவடி ராணுவத் தளமாகவும் கிடங்காகவும் இருந்தது. போர் முடிந்ததும் இந்நாட்டில் எஞ்சிய ராணுவ ஜீப்புகள் ஏலத்தில் தனியார் கைக்கு வந்தன. எஸ்டேட் முதலாளிகள், ஒப்பந்தக்காரர்கள், பண்ணைக்காரர்கள், சினிமாக் கம்பெனிகள் என்று கைமாறிக் கைமாறி அவை பல பத்தாண்டுகள் உழைத்தன.

போர்க்கால ஜீப்பை இரண்டு நிறுவனங்கள் செய்தன. ஒஹாயோ மாநிலத்து டொலிடோவில் வில்லிஸ் செய்தது 'எம்.பி.', அதே வரைபடத்தைக் கொண்டு ஃபோர்டு செய்தது 'ஜி.பி.டபிள்யூ.'. 1941 முதல் 1945 வரை இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. ஒன்றின் உறுப்பு மற்றதில் பொருந்த வேண்டும் என்பதே அரசின் நிபந்தனை. ஆயினும் ஃபோர்டு தான் செய்ததைப் பிறர் செய்ததிலிருந்து பிரித்துக் காட்டும்பொருட்டுச் சிறு உறுப்புகளிலும், போல்ட்டின் தலையிலும்கூட, தன் 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. இன்று ஜி.பி.டபிள்யூ. வைத்திருப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு தேடுவது இந்த ஓரெழுத்தைத்தான்.

அடுத்த சான்று சட்டத்தில், அதாவது சேசிஸில் இருக்கிறது. முன்புறம் ரேடியேட்டருக்குக் கீழே செல்லும் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த பள்ளம்போல் இருந்தால் ஃபோர்டு. வண்ணம் பூசினாலும் பெயர்த்தகட்டை மாற்றினாலும் இதை மறைக்க முடியாது. முன்முகத்தின் கிரில்லும் காலம் சொல்லும். வில்லிஸின் முதல் 25,000 வண்டிகளுக்குப் பட்டைக் கம்பிகளைப் பற்றவைத்த கிரில். பிறகு ஃபோர்டு வடிவமைத்த, ஒரே தகட்டில் ஒன்பது பிளவுகள் கொண்ட கிரில் இரு நிறுவனங்களுக்கும் பொதுவாயிற்று. போருக்குப் பின் வந்த பொதுமக்கள் ஜீப்பில் ஏழே பிளவுகள், முன்விளக்குகளும் பெரியவை. போர்க்கால வண்டியில் பின்கதவு கிடையாது. பின்புறத் தகடு முழுத்தகடு. ஒன்பது பிளவு முகமும் திறந்து மூடும் பின்கதவும் ஒரே வண்டியில் இருந்தால், தலை ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது என்று பொருள்.

பானெட்டைத் தூக்கினால் மேலும் தெரியும். போர்க்கால என்ஜின் 2,199 சி.சி. கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் கொண்டது. வால்வுகள் பக்கவாட்டில் இருப்பதால் அதன் தலை தட்டையாக இருக்கும். தலைக்கு மேல் வால்வு மூடி துருத்திக்கொண்டிருந்தால் அது ஐம்பதுகளின் எஃப் தலை என்ஜின். அதன் உயரத்துக்காகவே சி.ஜே.3பி வகையின் பானெட் உயர்த்தப்பட்டது. மகிந்திரா நிறுவனம் இங்கே நெடுங்காலம் தயாரித்ததால் நம் கண்ணுக்குப் பழகிய ஜீப் முகமும் அதுவே. கியர் பாக்ஸ் டி-84 என்றால் போர்க்காலம், டி-90 என்றால் பின்னால் வந்தது. மின்சாரம் 6 வோல்ட்டாக இருந்ததா, 12 வோல்ட்டாக மாற்றப்பட்டதா என்பதும் ஒரு படிக்கல்.

எல்லாவற்றினும் எளிய சான்று ஸ்டீயரிங். போர்க்கால ஜீப்புகள் இடப்பக்கம் ஓட்டுபவை. நம் சாலைக்காகப் பலர் அதை வலப்பக்கம் மாற்றினார்கள். அவ்வாறு மாற்றிய வண்டியில் என்ஜினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் பழைய துளையை மூடிய ஒட்டுத்தகடு இருக்கும். சேசிஸில் பழைய துளைகள் இருக்கும். மாற்றாதவர்கள் பின்புறத்தில் 'இடப்பக்க ஓட்டு' என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு ஓட்டினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஃபோர்டு வண்டியில் இடப்பக்கச் சட்டத்தின் மேல் பொறித்த எண்ணும் எண்ணெய் வடிகட்டிக்குப் பின்னால் என்ஜினில் பொறித்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. வில்லிஸில் அப்படியில்லை, சேசிஸ் எண்ணைத் தாங்கிய தகடு வேறு, என்ஜின் எண் வேறு, இரண்டும் பிறக்கும்போதே பொருந்தாதவை. ஆகவே 'இரண்டு எண்ணும் ஒன்றே' என்று சொல்லி வில்லிஸ் ஜீப்பை ஒருவர் விற்க வந்தால், அந்தப் பொருத்தமே அது பொய் என்பதற்குச் சான்று. ஏடுகளை ஒப்புநோக்கியவர்களுக்கு இது புதிதன்று. சில வேளைகளில் கரடுமுரடான பாடமே பழையது. வழுவழுப்பான பாடம் பிற்காலத்தவர் திருத்தியது.

*

இனி, பின்னால் வந்து சேர்ந்த உறுப்புகளைப் பார்ப்போம். அவை எங்கிருந்து வந்தன?

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு தொழிற்கொள்கைத் தீர்மானம் வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. டொலிடோவிலிருந்து பிஸ்டன் வரவழைப்பது நடுத்தர உரிமையாளருக்கு நடவாத காரியமாயிற்று. அதே காலத்தில்தான் இந்தப் பகுதியில் ஆலைகள் எழுந்தன. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1959இல் டன்லப் டயர் ஆலை; செம்பியத்தில் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ், அருகிலேயே பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின் செய்த சிம்சன். பாடியில் அறுபதுகளில் அடுத்தடுத்து வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாசனர்ஸ் ஆகியவை வந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இவற்றுக்கு உறுப்புகள் கடைந்து தரும் சிறு லேத் பட்டறைகள் பெருகின.

ஜீப்புக்கு நேர்ந்தது இதுதான்: சக்கரவளையம் பாடியிலிருந்து வந்தது, டைனமோவும் ஸ்டார்ட்டரும் பாடியிலிருந்து வந்தன, பிஸ்டன் செம்பியத்திலிருந்து, டயர் அம்பத்தூரிலிருந்து. எந்த ஆலையும் செய்யாத உறுப்பை லேத்காரர் மாதிரி பார்த்துக் கடைந்து தந்தார். பெட்ரோல் கட்டுபடியாகாதபோது டீசல் என்ஜின் ஏறிற்று. தரைத்தகட்டின் அடியிலுள்ள வலுவூட்டும் பட்டைகளுக்குள் ஆலைக்காரர்கள் மரச்சட்டம் வைத்திருந்தார்கள். நம் மழையில் மரம் ஈரம் குடித்து, தகடு துருப்பிடித்து உதிர்ந்தது. டிங்கர் வேலை செய்பவர் சுத்தியும் கட்டையும் கொண்டு புதுத் தரை அடித்தார்.

ஆக, மேற்குப் புறநகரில் 60 ஆண்டுகள் ஓடிய ஒரு ஜீப்பில் இரண்டு வரலாறுகள் உள்ளன. ஒன்று டொலிடோ அல்லது டியர்பார்னில் தொடங்கி 1945இல் முடிகிறது. மற்றது ஆவடித் தீர்மானத்தின் வரலாறு. இறக்குமதி இல்லாத நாட்டில் மனிதர் எப்படிச் சமாளித்தார்கள் என்பதன் வரலாறு. முதல் வரலாற்றுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கான ஜீப்புகள் சாட்சி. இரண்டாவது வரலாற்றுக்கு நம்மிடமுள்ள வண்டிகளைத் தவிர வேறு சாட்சியில்லை.

நடப்பதோ நேர்மாறு. வண்டியை வாங்கியவுடன் முதலில் கழற்றப்படுவது பாடி டைனமோ. அது காயலான் கடைக்கு எடைக்குப் போகிறது. அடுத்து, உள்ளூர் டிங்கர் அடித்த உடல் வெட்டியெடுக்கப்பட்டு, பிலிப்பைன்ஸில் இன்று புதிதாக அழுத்தித் தயாரிக்கப்படும் போர்க்கால மாதிரி உடல் ஏற்றப்படுகிறது. 'எஃப்' பொறித்த புதிய போல்ட்டுகளும் விலைக்குக் கிடைக்கின்றன, பெயர்த்தகடுகளும் அப்படியே. மணல்வீச்சில் எல்லா வண்ண அடுக்குகளும் போய்விடுகின்றன. கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சால் கல்வெட்டுகள் மழுங்கியதைக் கண்டு கொதித்தவர்கள் நாம். வண்டியின் தகட்டிலும் ராணுவப் பச்சைக்கு மேல் எஸ்டேட் நீலம், அதற்கு மேல் ஒப்பந்தக்காரரின் மஞ்சள் என்று எழுதப்பட்டிருந்ததைக் கவனிப்பாரில்லை. இறுதியில் வெளிவரும் பளபளப்பான வண்டியை 'முழு ஒரிஜினல்' என்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் நேற்றுப் பிறந்தது.

நான் கேட்பது இதுதான்: 1966இல் பிழைப்புக்காக அம்பத்தூரில் அடித்த தகடு போலியா, இன்று ஒப்பனைக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தகடு போலியா? ஆவடியிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. விஜயந்தா டாங்கியின் வடிவமைப்பு இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. முதல் தொகுதி அங்கே செய்யப்பட்டது. 1965 முதல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கின. ஆவடியில் செய்தது போலி என்று யாரும் சொன்னதில்லை. பெரிய ஆலை செய்தால் உள்நாட்டுத் தயாரிப்பு, சிறு பட்டறை செய்தால் ஒட்டுவேலை என்பது நியாயமான அளவுகோலன்று.

*

இது ரசனை பற்றிய பூசல் மட்டுமன்று. சட்டமும் இதில் நுழைந்துவிட்டது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறை சேர்க்கப்பட்டது. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் கொண்ட எண். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லுபடி. அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தலாகாது. வரவேற்கத்தக்க விதி. ஆனால் வண்டி அதன் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் நிகழ்ந்திருக்கலாகாது என்பதும் அதன் நிபந்தனை.

சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், 1965இல் டீசல் என்ஜினுக்கு மாறிய ஜீப் இத்தகுதியை இழக்கிறது. அந்த மாற்றத்துக்கே இன்று 50 ஆண்டு கடந்துவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். வண்டிக்கு முதுமை தந்த அதே காலம் அந்த என்ஜினுக்கும் முதுமை தந்திருக்கிறது. ஒன்றைப் பழம்பெருமை என்றும் மற்றதைக் குற்றம் என்றும் எப்படிக் கொள்வது? விதியின் நோக்கம் நல்லதே: நேற்று மாற்றியமைத்த வண்டியைப் பழையதென்று காட்டிச் சலுகை பெறுவதைத் தடுப்பது. ஆனால் விளைவு வேறாகலாம். நாணயமான உரிமையாளர் தம் வண்டியின் உண்மையான என்ஜினை மறைக்கவும், எங்கிருந்தோ ஒரு பழைய என்ஜினைப் பிடித்து எண்ணைத் திருத்தவும் அது தூண்டும். மெய்யைச் சொன்னவர் தோற்று, பொய் குத்தியவர் வெல்லும் ஏற்பாடு நல்ல ஏற்பாடன்று.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. எல்லா மாற்றத்தையும் வரலாறு என்று ஏற்றுக்கொண்டால் அளவுகோலே இல்லாமற் போகும். அகன்ற சக்கரமும் குரோமியக் குழாயும் பொருத்தியவர்கூடத் தாம் வரலாறு படைத்ததாகச் சொல்லுவார். பிறந்த நிலையில் ஒரு வண்டியாவது இருந்தால்தான் மற்றவற்றை ஒப்பிட முடியும். இதில் கடைசிப் பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். மாறாத வண்டி அரிது. அதை மாறாமலே காக்க வேண்டும். என் வாதம் மாறிவிட்ட வண்டிகளைப் பற்றியது. அவற்றுக்கு மூன்று கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது. மாற்றம் வண்டி உழைத்துக்கொண்டிருந்த காலத்தில் தேவைக்காக நிகழ்ந்ததா? எப்போது, எங்கே நிகழ்ந்தது என்று காட்டச் சான்று உண்டா? அந்த உறுப்பு தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்கிறதா? முதல் இரண்டுக்கு ஆம் என்றும் மூன்றாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால் அந்த உறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். குரோமியக் குழாய் முதற்கேள்வியிலேயே விழும். புதிதாய்ச் செய்த 'எஃப்' போல்ட் மூன்றாவதில் விழும்.

சான்றுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகம் ஒரு நல்ல தொடக்கம். என்ஜினை மாற்றினால் பதிவு அலுவலகத்தில் சொல்லிக் குறிக்கச் செய்ய வேண்டும் என்பது இன்றும் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பழைய புத்தகங்களில் எரிபொருள் 'பெட்ரோல்' என்று இருந்ததை அடித்து 'டீசல்' என்று எழுதி முத்திரையும் தேதியும் இட்டிருப்பார்கள். அந்தச் சிவப்பு மை வரிக்கு ஆலையின் பெயர்த்தகட்டைவிடக் குறைந்த மதிப்பில்லை. பட்டறை ரசீதுகள், குடும்பப் புகைப்படங்கள், உறுப்பின் மேலுள்ள ஆலை முத்திரைகள் ஆகியவையும் சாட்சிகளே.

ஏட்டுச் சான்றைவிட அவசரமானது வாய்ச் சான்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பாடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பட்டறைகளிலும் வேலை பழகிய மெக்கானிக்குகள் இன்று எண்பதைத் தொட்டவர்கள். எந்த வண்டியின் தண்டு எந்த வண்டிக்குப் பொருந்தும், எத்தனை நூல் கடைந்தால் போதும், எந்த இரும்பு தாங்கும் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டும் உள்ளவை. அமெரிக்க ஜீப்பின் உறுப்புப் பட்டியல் உலகெங்கும் அச்சில் கிடைக்கிறது; இவர்களுடைய பட்டியல் எங்கும் அச்சேறவில்லை. ஒவ்வொருவரின் மறைவோடும் அதில் சில பக்கங்கள் போகின்றன. பழைய வண்டிச் சங்கங்கள் ஆண்டுதோறும் அணிவகுப்பு நடத்துகின்றன. அந்த உழைப்பில் ஒரு பங்கை இம்முதியவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அமர்வதற்குச் செலவிட்டால் பெரும்பயன் விளையும். அணிவகுப்பின் பரிசுகளிலும், மாற்றங்களை மறைக்காமல் தேதியோடு எழுதிவைத்த வண்டிக்கென ஒரு பிரிவு ஏற்படுத்தலாம். விதியை நடைமுறைப்படுத்துவோரும், ஆவணச் சான்றுள்ள, 50 ஆண்டு கடந்த மாற்றத்தை மூல வடிவின் பகுதியாகக் கொள்ள வகைசெய்யலாம்.

நம் பதிப்பாசிரியர்கள் இவ்வழியை முன்பே காட்டியிருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாடல்களில் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. தாமே இரண்டு பாட்டு எழுதிச் சேர்க்கும் ஆற்றல் அன்றைய புலவர் பலருக்கு இருந்தது; பழைய நடையில் எழுதினால் கண்டுபிடிப்பதும் எளிதன்று. அவ்வாறு செய்யாமல் எண்ணை மட்டும் வைத்து இடத்தைக் காலியாக விட்டதால்தான் மற்றப் பாடல்களை இன்று நம்பிப் படிக்கிறோம். பாடபேதங்களையும் அவர் மறைக்கவில்லை. வேறு ஏட்டில் இப்படி உள்ளது என்று குறித்துவைத்து, முடிவைப் பின்வருவோரிடம் விட்டார்.

ஜீப் வைத்திருப்பவர்களும் செய்யக்கூடியது அதுவே. டொலிடோவில் பிறந்தது இது, பாடியில் சேர்ந்தது இது, இந்த இடம் தெரியவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வண்டியோடு வைத்துவிட்டால், அதன் பிறகு யார் வாங்கினாலும் ஏமாற வேண்டியதில்லை. கழற்றிய டைனமோவையும் எடைக்குப் போட மனம் வராது.